மாமாவின் கொம்பியூட்டரும் அம்மாவின் காதும்

ஒரு சத்தத்தை ஒழிப்பதற்காக எங்கள் வீட்டில் ஒரு கிழமை முழுவதும் பட்ட பாட்டைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். மேசையில் வைத்த ஒரு கொம்பியூட்டரின் சத்தம். அதுவும் எண்பதுகளின் நடுவில், சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டக் கிராமத்தில். ஊரில் குண்டும் ஷெல்லும் விழுந்துகொண்டிருக்க, இவர்களுக்கு இது ஒரு சத்தமாக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தச் சத்தம்தான் எங்கள் எல்லாரையும் கொல்லப்போகிறது என்று நான் அப்போது மனதார நம்பினேன். எனக்குப் பத்து வயது.

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. சிங்கப்பூரில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை பார்த்துவிட்டு விசா முடிந்து திரும்பியவர். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சேலை கொண்டுவருவார்கள், ரேப் ரெக்கோடர் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது இரண்டு பெரிய மட்டைப்பெட்டிகள். சுன்னாகம் ஸ்ரேசனில் இறக்கி, வெங்காயம் ஏற்றுகிற மாட்டு வண்டிலில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பெட்டிகளை வைத்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் “ஐயோ மெல்ல, மெல்ல” என்று வண்டில்காரரைக் கெஞ்சிக்கொண்டே பின்னால் நடந்து வந்தாராம். அந்த வெங்காய மணம் பெட்டியைவிட்டுப் போகவே இல்லை. மெசின் சூடேற ஏற அறையெல்லாம் வெங்காயம் மணக்கும்.

விறாந்தையோடு ஒட்டிய முன்னறையில் மாமா வகுப்புத் தொடங்கினார். அயலூர்களிலிருந்து ஆறு பேர் சைக்கிளில் வருவார்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும். ஆறு பேரும் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறைவைத்துத் தட்டுவார்கள். கரன்ட் நின்றால் கொப்பியில் எழுதிக்கொண்டு இருப்பார்கள். “அக்கா, நாளைக்கு உலகம் முழுக்க இதுதான்” என்பார் மாமா. “முதல்லை நாளைக்கு எண்டு ஒண்டு இருக்கட்டும்” என்பார் அம்மா. அப்பா கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர், பாதை திறந்திருந்தால்தான் வருவார். ஆகவே வீட்டில் அம்மா, மாமா, நான், சேலையில் கட்டின ஏணையில் கிடக்கிற கைக்குழந்தைத் தங்கச்சி, அவ்வளவுதான்.

இனி அம்மாவின் காதைப் பற்றிச் சொல்லவேண்டும். கலியாணத்துக்கு முந்தி அம்மா மிசன் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு ரீச்சர். பிறகு எங்கள் தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்தினார். இருபது பேர் சேர்ந்து பாடும்போது பின்வரிசையில் யாரின் குரல் அரைச்சுதி இறங்கியது என்று திரும்பிப் பாராமலே சொல்லுவார். சண்டை தொடங்கிய பிறகு அதே காது வானத்துக்குப் போய்விட்டது. எங்களுக்கு வெறும் காற்றாகக் கேட்கிறபோதே அம்மா அரிவாளைக் கீழே வைத்துத் தலையைக் கொஞ்சம் சரிப்பார். “ஹெலி. தூரத்தாலை போகுது” என்பார். “இது சாமான் ஏத்திற பிளேன், பறவாயில்லை” என்பார். “பொம்மர்!” என்றால், அதாவது குண்டு போடுகிற பிளேன் என்றால், அடுத்த நொடி குசினி வாசலில் தொங்குகிற பித்தளைத் தட்டத்தை, தோசை பிரட்டும் தட்டகப்பையால் படபடவென்று அடிப்பார். அவருடைய கலியாணத்துக்கு வந்த தட்டம் அது. அடித்து அடித்து நடுவில் குழி விழுந்துவிட்டது.

தட்டம் அடித்தால் எங்கள் வீடு மட்டுமல்ல, சுற்றியிருந்த ஐந்தாறு வீடுகளும் பங்கருக்குள் இறங்கும். வேலியை வெட்டி எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் பொதுவாக ஒரு பங்கர் தோண்டியிருந்தோம். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. காலம் போகப் போக அயலட்டையில் ஒருவரும் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். பக்கத்து வளவு மாமி தண்ணீர் மெசினைப் போட்டுவிட்டு நிம்மதியாக வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுவா. “பாட்டு ரீச்சர் இருக்கேக்கை எங்களுக்கென்ன பயம்” என்று வாய் நிறையச் சொல்லுவா. அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. காட்டிக்கொள்ளமாட்டார், ஆனால் அன்றைக்குக் குழம்பில் உப்பு அளவாக இருக்கும்.

அந்த வருடம் ஆவணியில் அம்மா ஒருநாள் சுன்னாகம் சந்தைக்குப் போயிருந்தபோது பக்கத்தில் ஷெல் விழுந்தது. அம்மா ஒற்றைச் செருப்போடு, சேலையெல்லாம் மண்ணாக, கத்தரிக்காய்ப் பையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். “ஒண்டுமில்லை, விழுந்திட்டன்” என்றார். கிணற்றடியில் குளித்தார், சமைத்தார், எங்களுக்குப் போட்டார். அதற்குப் பிறகு தொண்டை சரியில்லை என்று பாடகர் குழுவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். போதகர் இரண்டு தரம் வந்து கேட்டும் அசையவில்லை. நானும் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், கெட்டிக்காரி மாதிரி.

அது நடந்து ஒன்றரை மாதம் இருக்கும், அதுவரை பொம்மர் ஒன்றும் எங்கள் பக்கம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம், கரன்ட் இருந்தது, ஆறு பேரும் வந்திருந்தார்கள். மாமா பிறின்ரரை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அதன் கீச்சுச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். பக்கத்து வளவில் தண்ணீர் மெசின் ஓடியது. அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். தங்கச்சி ஏணையில் நித்திரை. நான் முன்னறை வாசலில் நின்று, காகிதம் வெளியே வருவதை வாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டம் அடிக்கவில்லை. நிலம் ஒருதரம் உதறியது. பிறகுதான் காதைப் பிளக்கிற சத்தம். கூரை ஓடுகள் பொலபொலவென்று கொட்டின. ஆறு பேரும் மேசைக்குக் கீழே. நான் எங்கே போனேன் என்று எனக்கே நினைவில்லை. அம்மா மட்டும் ஏணைக்கு ஓடியதைக் கண்டேன். ஏணைச் சேலைக்குள் ஓட்டுத் தூள் ஒரு சிரங்கை, கைநிறைய அள்ளுகிற அளவுக்குக் கிடந்தது. தங்கச்சி தும்மிக்கொண்டு விழித்தாள். ஒரு கீறல் இல்லை. ஏணைக்கு ஒரு முழம் தள்ளி ஒரு முழு ஓடு உடைந்து கிடந்தது.

குண்டு பக்கத்து வளவுக்குப் பின்னால் வெங்காயத் தறையில் விழுந்திருந்தது. மாமியின் கறவை மாடு செத்துப்போயிற்று. மாமிக்கு ஒன்றுமில்லை, ஆனால் வேலியில் வெட்டின பொட்டுக்குள்ளால் வந்தவ மாட்டைப் பற்றி அழவில்லை. நேரே அம்மாவிடம்தான் போனா.

“ரீச்சர், ஏன் தட்டம் அடிக்கேல்லை?”

அம்மாவின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிக் கண்டதில்லை. கையில் தங்கச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாமியைப் பார்த்தார், தட்டத்தைப் பார்த்தார், கடைசியில் முன்னறைப் பக்கம் கையை நீட்டினார்.

“உந்தச் சாமான்ரை இரைச்சலுக்குள்ளை எனக்கு என்னெண்டு கேக்கும்? இரவு பகலா மண்டைக்குள்ளை இரையுது. வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை கட்டின கதையாப் போச்சு!”

மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறின்ரரின் கீச்சுச் சத்தத்தில் அவருக்கும் விமானம் கேட்கவில்லை. அன்று பின்னேரம் அம்மா தீர்ப்புச் சொன்னார். “தம்பி, ஒரு கிழமை தாறன். சத்தம் நிக்கவேணும். இல்லாட்டி உது வீட்டை விட்டு வெளிக்கிடவேணும். என்ரை பிள்ளையளை நான் உதுக்குப் பலி குடுக்கேலாது.”

“அப்ப நானும் வெளிக்கிடுறன்” என்றார் மாமா, ரோசத்தில். கொழும்பில் ஒரு கொம்பனியிலிருந்து அவருக்கு வேலைக்குக் கடிதம் வந்திருந்தது எனக்குத் தெரியும். அவரின் தலையணைக்குக் கீழே இருந்ததை நான்தான் எடுத்து வாசித்தேன், எழுத்துக்கூட்டி.

அந்தக் கிழமை எனக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. சத்தம் நிற்காவிட்டால் மாமா போய்விடுவார். மாமா போகாவிட்டால் சத்தம் இருக்கும், அம்மாவுக்குப் பொம்மர் கேட்காது, அடுத்த ஓடு தங்கச்சியின் தலையில்தான். இரண்டு பக்கமும் இடி. மத்தளத்தின் பாட்டை மத்தளத்திடம்தான் கேட்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு ரீச்சர் கேள்வி கேட்க நான் யன்னலுக்கு வெளியே காதைக் கொடுத்துக்கொண்டு இருந்து பிரம்படி வாங்கினேன். வண்டு பறந்தால் மேசைக்குக் கீழே குனிவேன், மோட்டார் சைக்கிள் போனால் மூத்திரம் முட்டும்.

மாமா முதலில் சைக்கிள் ரியூப்பை வெட்டி நான்கு துண்டுகளை மெசினின் காலுக்குக் கீழே வைத்தார். மேசை நடுங்குவது நின்றது. “அக்கா, இப்ப எப்பிடி?” என்று குசினி வாசலில் போய் நின்று கேட்டார். “இரையுது” என்றது குசினி. அடுத்த நாள் தகர மூடியின் அதிர்வைத் தேடிப் பிடித்து, நெருப்புப்பெட்டி மட்டையை மடித்து இடுக்கில் செருகினார். “இரையுது.” மேசையைச் சுவரிலிருந்து இழுத்து நடு அறையில் வைத்து, கீழே இரண்டு வெங்காயச் சாக்கை மடித்துப் போட்டார். சுற்றிவரப் பனையோலைப் பாயை நிறுத்தித் தட்டி கட்டினார். மாணவர்கள் பாயை நீக்கிக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற கத்தோலிக்கர் போல உள்ளே போய் வந்தார்கள். பிறின்ரரைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியாயிற்று. “இரையுது, இரையுது” என்று சொன்னார் அம்மா.

ஐந்தாம் நாள் பின்பக்கத்தைத் திறந்து உள்ளேயிருந்த விசிறியைக் கண்டுபிடித்தார். உள்ளங்கையளவு விசிறி, அச்சில் தூசி அப்பிக் கிடந்தது. தூரிகையால் துடைத்து, அம்மாவின் தையல் மெசின் எண்ணெயில் ஒரே ஒரு துளியை ஊசி நுனியால் வைத்தார். மூடிப் போட்டுவிட்டுச் சுவிச்சை அமத்தினார். நானும் அவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். பச்சை எழுத்து வந்த பிறகுதான் மெசின் ஓடுகிறது என்றே தெரிந்தது. மாமா என் காதைப் பிடித்து இழுத்து, “கேளும் மருமோள், கேளும்! ஒரு நுளம்புக்குக் கூட இதைவிடச் சத்தம்!” என்று குதித்தார்.

அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தோம். வாசலில் நின்று தலையைச் சரித்தார். பாடகர் குழுவுக்கு முன்னால் நிற்கிற அதே நிலை. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“இரையுது” என்றார் அம்மா.

“என்னக்கா விசர்க் கதை கதைக்கிறியள்? எங்கை இரையுது?”

“இந்தா, இப்பிடி.” அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைப் பாடிக்காட்டினார். மெல்லியதாக, உச்சத்தில், கம்பி இழுத்ததுபோல ஒரு ஈஈஈ. நான் மெசினுக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பார்த்தேன். அது அடித்தொண்டையில் ம்ம்ம் என்றுதான் சொன்னது. அம்மா சுதி பிழைத்ததை நான் கண்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பாட்டு வராது, ஆனாலும் அம்மாவின் பிள்ளை, மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? சொன்னால் அடி விழும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆறாம் நாள் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு அச்சுவேலிக்குப் போனார். அங்கே றேடியோ திருத்துகிற சிநேகிதர் ஒருவர் இருந்தார், அவரிடம் யோசனை கேட்கப் போகிறேன் என்றார். எனக்கு வேறு நினைப்பு. கொழும்புப் பயணத்துக்கு ஒழுங்கு பண்ணத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரின் பெட்டியை இழுத்துப் பார்த்தேன், கடிதம் மேலேயே கிடந்தது. நாளையோடு தவணை முடிகிறது. அம்மா பிடித்த பிடியில் நிற்கிறா. இனி நான்தான் ஏதாவது செய்யவேண்டும் என்று முடிவெடுத்தேன். குரங்கின் கையில் பூமாலை என்பார்களே, அந்தக் குரங்குக்குக் கூட அன்றைக்கு என்னளவு தைரியம் இருந்திருக்காது.

சத்தம் போடுகிறது விசிறிதான் என்று மாமாவே காட்டித்தந்திருந்தார். விசிறி சுற்றாவிட்டால் சத்தம் ஏது? என் தலையணையின் தையலைப் பிரித்து இலவம் பஞ்சைக் கைநிறைய எடுத்தேன். மெசினைப் போட்டேன். பின்பக்கத்து ஓட்டைகளுக்குள்ளால் ஈர்க்குக் குச்சியால் பஞ்சைத் திணித்தேன். விசிறி முதலில் தும்மியது, பஞ்சைக் கொஞ்சம் வெளியே துப்பியது. நான் விடவில்லை. இன்னும் திணித்தேன். கடைசியில் க்ரக் என்று நின்றது. முன்னறையில் ஒரு சத்தமும் இல்லை. மாமா ஆறு நாளாய்ச் செய்ய ஏலாததை நான் ஒரு தலையணையால் செய்துவிட்டேன் என்று நெஞ்சு விம்மியது.

குசினிக்கு ஓடினேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“அம்மா, இப்ப கேக்குதோ?”

அம்மா திரும்பி என் வாயைப் பார்த்தார். தலையைச் சரித்தார். “கேக்குது பிள்ளை. அப்பிடியேதான் கிடக்குது.”

எனக்கு விளங்கவில்லை. திரும்பி ஓடினால் முன்னறையில் வெங்காய மணத்துக்குப் பதிலாகக் கருகல் மணம். பச்சைத் திரை இரண்டு தரம் சிமிட்டி அணைந்தது. பின்பக்கத்து ஓட்டைகளால் மெல்லிய புகை. என் ஆண்டவரே! வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பாய்த் தட்டி சரிந்து என் மேல் விழுந்தது. அதற்குள் கிடந்துகொண்டே அழத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டார்.

“பிள்ளை, உதை ஒருக்கால் நிப்பாட்டு. தலை இடிக்குது.”

“நிப்பாட்டிப்போட்டன் அம்மா!” என்று கத்தினேன். பதில் இல்லை. கிட்டப் போய் இன்னொருதரம் கத்தினேன்.

“பொய் சொல்லாதை. எனக்குக் கேக்குது.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியதாக நினைத்தேன். பொய் சொல்கிறது நான் அல்ல, அம்மா. மாமாவையும் அவர் சாமானையும் வீட்டைவிட்டுத் துரத்த முடிவு கட்டியாயிற்று. இனி அந்த மெசினைக் கிணற்றுக்குள் போட்டாலும் அம்மாவுக்கு அது இரையத்தான் போகிறது. அம்மாவை நான் அப்படி வெறுத்தது அந்த ஒரு பின்னேரம்தான்.

மாமா வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கையில் ஒரு பொட்டலம்: சத்தமில்லாமல் ஓடுகிற சின்ன விசிறி ஒன்று, ஏதோ பழைய மெசினிலிருந்து சிநேகிதர் கழற்றிக் கொடுத்தது. கொழும்புப் பயணமும் இல்லை, ஒரு மண்ணுமில்லை. அறைக்குள் வந்ததும் மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். மூடியைத் திறந்தார். கருகிய பஞ்சை விரலால் எடுத்துப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“நீரோ?”

“ஓம் மாமா.” பிறகு அடக்கமுடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். “நீங்கள் போகக்கூடாது எண்டுதான் செய்தனான். ஆனா எல்லாம் வீண். அம்மா பொய் சொல்லுறா மாமா! விசிறி நிண்ட பிறகும் கேக்குதாம். வயரைக் கழட்டின பிறகும் கேக்குதாம். உங்களைத் துரத்தத்தான் அப்பிடிச் சொல்லுறா.”

மாமாவின் கை அப்படியே நின்றது. “வயர் கழட்டின பிறகோ?”

“ஓம்.”

“வடிவா யோசிச்சுச் சொல்லும். கழட்டினதுக்கு முந்தியோ, பிந்தியோ?”

“பிந்தி, மாமா. சத்தியமா.”

அவர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். பஞ்சு கையிலேயே இருந்தது. சிங்கப்பூரில் நாலு வருடம் உழைத்து வாங்கிய சாமானைக் கரியாக்கிவிட்டேன், அதுதான் மனிதன் இடிந்துபோய் இருக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் அழுதேன். கொஞ்ச நேரத்தால் எழுந்து குசினி வாசலுக்குப் போனார். அம்மா முதுகைக் காட்டியபடி மாக் குழைத்துக்கொண்டிருந்தார். மாமா “அக்கா” என்றார், மெல்ல. அம்மா திரும்பவில்லை. ஓரடி முன்னுக்கு வைத்து, “அக்கா” என்றார் இன்னொருதரம். அம்மா மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் இருக்கிறா, கதைக்கமாட்டா என்று நான் நினைத்தேன். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

“அக்கா, சாமான் பழுதாப் போச்சு. எரிஞ்சிட்டுது. இனி அது இரையாது.”

அம்மா அவர் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். பிறகு, “நல்லதாப் போச்சு” என்றார். “இப்பதான் எல்லாம் வடிவாக் கேக்குது.”

பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று மாமாவை நிமிர்ந்து பார்த்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மாமா அந்த மெசினைத் திருத்தவே இல்லை. ஆறு பேரையும் போகச் சொல்லிவிட்டார். இரண்டு பெட்டியும் பரணுக்குப் போயிற்று. கொழும்பு வேலைக்கும் போகவில்லை. பங்கருக்குப் பக்கத்தில் பலாமரத்துக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை இருந்தார். புத்தகம் வைத்திருப்பார், பக்கம் திருப்பமாட்டார். “சிங்கப்பூர்த் துரை இப்ப காகம் எண்ணுறார்” என்று ஊர் நக்கலடித்தது. படித்த மனிதனைக் கதிரையில் குந்தவைத்தது என் தலையணைதானே. எத்தனையோ நாள் முழங்காலில் நின்று அந்தப் பாவத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. அம்மாவின் காது திரும்பிவந்தது. பொம்மர் வந்த போதெல்லாம் தட்டம் அடித்தது, ஒருதரம்கூடப் பிந்தவில்லை. பக்கத்து வளவு மாமி தட்டம் அடிக்கத் தொடங்கியதும் தண்ணீர் மெசினை நிறுத்திவிட்டுப் பங்கருக்குள் வந்து, “அந்தச் சனியனை வெளியாலை எடுத்தாப் பிறகுதான் ரீச்சருக்குக் காது திறந்தது” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. மாமா மூலையில் குந்திக்கொண்டு, “ஓம் மாமி, என்ரை பிழைதான்” என்பார்.

மாமாவைப் பற்றி எங்களுக்குள் ஒரு பகிடியும் இருந்தது. மனிதன் சரியான பயந்தாங்கொள்ளி. பொம்மர் வருகிற நேரத்தில்தான் அவருக்குத் தண்ணீர் விடாய்க்கும். கதிரையிலிருந்து துள்ளி எழும்பிக் குசினிக்குள் ஓடுவார். “அக்கா, தண்ணி!” என்று அம்மாவின் முகத்துக்கு முன்னால் போய் நிற்பார். செம்பை எடுத்து அவர் ஒரு மிடறு குடிப்பதற்குள் அம்மா தட்டத்தை அடிக்கத் தொடங்கிவிடுவார். பயத்தில் நாக்கு வறளுகிறது என்று நானும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளும் அவரைப்போல ஓடி நடித்துக் காட்டுவோம். அவர் கண்டும் சிரித்துக்கொண்டு போவார்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் கொழும்புக்கு வந்த பிறகு அம்மாவை ஒரு காது வைத்தியரிடம் கூட்டிப்போனேன். எனக்கு அப்போது முப்பது தாண்டிவிட்டது. மாமா காலமாகி ஒரு வருடம். அம்மாவுக்கு முன்னால் போய் நின்று கதைத்தால்தான் விளங்கும் என்கிற அளவுக்கு வந்திருந்தது, வயசு போனால் இப்படித்தான் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். வைத்தியர் பார்த்துவிட்டு, இது வயசால் வந்தது அல்ல, எப்போதோ பக்கத்தில் ஏதோ வெடித்திருக்கிறது, அன்றையிலிருந்து காதுக்குள் ஒரு இரைச்சல் இருந்திருக்குமே என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கேட்டார். அம்மா வாசித்தார். “ஓம்” என்றார். “சுன்னாகம் சந்தையிலை. ஈஈஈ எண்டு. அது இன்னும் நிக்கேல்லை.”

திரும்பும் வழியில் ஆட்டோவில் நான் அழுதேன். அம்மா என் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். பிறகு நான் கேளாமலே சொன்னார்: “உன்ரை மாமனுக்கு ஒரு நாளும் தண்ணி விடாய்ச்சதில்லைப் பிள்ளை. ஒரு மிடறுக்கு மேலை குடிக்கமாட்டான்.”

அந்தத் தண்ணீர்ச் செம்பு எனக்கு நல்ல நினைவு. தட்டத்துக்குக் கீழே, சுவர்த் தட்டில், மூடி போட்டு எப்போதும் இருக்கும். மெசின் எரிந்த மறுநாளே அம்மா அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார். பள்ளிக்கூடம் வெளிக்கிட முந்திக் கிணற்றில் அள்ளி நிரப்பிவைக்கவேண்டும். “மாமாவுக்கு. மறந்திடாதை” என்பார், ஒவ்வொரு நாளும். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நாள் முழுக்க மரத்துக்குக் கீழே சும்மா குந்திக்கொண்டிருக்கிறவருக்குக் கிணறு எட்டாதா, கால் இல்லையா, கை இல்லையா என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று வாய்க்கு வந்தபடி புறுபுறுத்துக்கொண்டுதான் அந்தச் செம்பை வைப்பேன். அம்மா திரும்பியே பார்க்கமாட்டார். நான் மெல்லமாய்ச் சொல்வதால்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.